சரளைக்கல்லில் ஒரு குடும்பம்: யார் இந்த ராம்கிங்கர் பெய்ஜ்?

சிலை என்றாலே வெண்கலம், பளிங்கு. அதுவும் பெரிய மனிதர்களுக்குத்தான். இந்தக் கணக்கை மாற்றியவர் ராம்கிங்கர் பெய்ஜ்.

1906-ல் வங்காளத்தின் பாங்குராவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1925-ல் சாந்திநிகேதனில் ஓவிய மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே வாத்தியார். அங்குள்ள மாணவர் விடுதியான ‘கறுப்பு வீடு’ வெறும் மண்ணும் தாரும்தான். அதன் சுவர்ச் சிற்பங்களை மாணவர்கள் கூட்டாகச் செய்தார்கள். ராம்கிங்கரின் கையும் அதில் உண்டு.

1938-ல் உள்ளூர்ச் செம்மண் சரளையையும் சிமென்டையும் குழைத்து ‘சந்தால் குடும்பம்’ செய்தார். பிழைப்பு தேடி நடக்கும் கணவன், மனைவி, காவடிபோலத் தூக்கிய கூடையில் குழந்தை, கூடவே ஒரு நாய். கூலித் தொழிலாளிக்குப் பொது இடத்தில் சிலையா? ஆமாம், ஆளைவிடப் பெரிசா!

1980-ல் ராம்கிங்கர் மறைந்தார். அந்தக் குடும்பம் இன்னும் சாந்திநிகேதனில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.