நீலத்தைத் தேடிய குயவர் சர்தார் குர்சரண் சிங்

கினிகத்தேனை நகரைக் கடந்து செல்லும் பயணிகள் வீதியோரக் கடைகளில் தயிர்ச்சட்டி வாங்குவது வழக்கம். தயிர் தீர்ந்ததும் சட்டி வேலியோரம் வீசப்படுகிறது. அதனை வனைந்த கை யாருடையது என எவரும் கேட்பதில்லை. மண்ணில் வேலை செய்பவனைக் கலைஞனாகக் கருதாத இந்தக் குறை நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அயல்நாடான இந்தியாவில் இதனை உணர்ந்து, படித்த மனிதராக இருந்தும் சக்கரத்தின் முன் அமர்ந்து தமது ஆயுளைக் கழித்தவர் சர்தார் குர்சரண் சிங் ஆவார்.

1898ஆம் ஆண்டு பிறந்த குர்சரண் சிங், ஜம்முவில் கல்வி கற்றுப் புவிச்சரிதவியலில் பட்டம் பெற்றார். பட்டதாரிகள் அருகியிருந்த அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் ஒன்றே அவரது இலக்காக இருந்திருக்கலாம். ஆனால் அவர், தந்தையின் நண்பரான ராம் சிங் காப்லி டில்லியில் நடத்திவந்த மட்பாண்டத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்குதான் அப்துல்லா என்னும் முஸ்லிம் குயவரைச் சந்தித்தார்.

அப்துல்லாவின் குடும்பத்தார் பத்தான் வம்சத்தினர். தமது முன்னோர் ஆப்கானிஸ்தானிலிருந்து டில்லிக்கு வந்தவர்கள் என்பது அவர்களது குடும்ப வழக்கு. பாரசீகத்திலும் மத்திய ஆசியாவிலும் பள்ளிவாசல்களையும் அடக்கத்தலங்களையும் அலங்கரித்த நீல ஓடுகளின் மரபு அவர்களது கைகளில் எஞ்சியிருந்தது. டில்லியில் ஹுமாயூன் அடக்கத்தலத்துக்கு அருகிலுள்ள நீலா கும்பத்திலும், முல்தான் நகரில் ஷா ருக்னே ஆலம் அடக்கத்தலத்திலும் அந்த நீலத்தை இன்றும் காணலாம். கட்டடக்கலைக்கு ஆதரவளித்த அரசுகள் மறைந்தபின், இக்கலையும் மங்கத் தொடங்கியிருந்தது.

1919இல் குர்சரண் சிங் மட்பாண்டத் தொழில்நுட்பம் பயில ஜப்பான் சென்றார். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச், ஜப்பானியக் கலைஞர்களான ஹமாதா ஷோஜி, டொமிமோட்டோ கென்கிச்சி, சிந்தனையாளர் யனாகி சோயெட்சு ஆகியோரின் நட்பு அங்கே கிட்டியது. பெயர் தெரியாத கைவினைஞன் அன்றாடப் பாவனைக்கெனச் செய்த பாண்டத்திலும் பேரழகு உண்டு என்பது யனாகியின் கொள்கை. அதை ஏற்றுக்கொண்ட குர்சரண் சிங், 1922இல் தாயகம் திரும்பியதும் செய்த காரியம் சிந்திக்கத்தக்கது. வெளிநாட்டில் படித்து வந்தவர், அப்துல்லாவிடமே மாணவராக அமர்ந்தார்.

நீலத்தின் இரகசியம் செம்பில் உள்ளது. பாண்டத்தின் மேல் கண்ணாடி போலப் படியும் மெருகில் ஈயம் மிகுந்திருந்தால் செம்பு பச்சை நிறம் தரும். சோடா போன்ற காரப்பொருள் மிகுந்திருந்தால் அதே செம்பு வான்நீலமாக ஒளிரும். எனினும் கார மெருகு களிமண்ணுடன் எளிதில் இணங்காது. சூளை ஆறும்போது மெருகு அதிகம் சுருங்குவதால் மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் தோன்றும். எனவேதான் ஜெய்ப்பூரின் நீலப் பாண்டங்கள் களிமண்ணுக்குப் பதிலாக வெண்கற்பொடி, கண்ணாடித்தூள், பிசின் முதலியவற்றின் கலவையில் பெரும்பாலும் அச்சிலிட்டுச் செய்யப்படுகின்றன. அக்கலவையைக் களிமண் போலச் சக்கரத்தில் விரும்பியவாறு எழுப்ப இயலாது.

உயர் வெப்பத்தில் சுடப்படும் வலிய களிமண் பாண்டங்களில் அந்த நீலத்தைக் கொண்டுவருவதே குர்சரண் சிங்கின் நீண்டகால முயற்சியாயிற்று. 1952இல், தமது 54ஆவது வயதில், டில்லி நீலக்கலை மட்பாண்டக்கூடத்தை நிறுவினார். கூசாவும் சாடியும் பழைய வடிவங்களை மறவாமலே புதுத்தோற்றம் பெற்றன. கல் சாளரங்களுக்குரிய பின்னல் துளைவேலைப்பாடு பானைகளில் இடம்பெற்றது. கண்காட்சிக் கூடத்துக்கென மட்டுமன்றி, வீட்டுப் பாவனைக்கெனவும் அவர் பாண்டங்கள் செய்தார்.

தொழில் தந்தைவழியாக மட்டுமே கைமாறிய சமூகத்தில், கற்க வந்த எவருக்கும் அவர் கற்பித்தார். இந்தியாவின் நவீன கலை மட்பாண்ட இயக்கம் அவரிலிருந்தே தொடங்குகிறது எனலாம். 1979இல் இந்திய மட்பாண்டக்கலை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1991இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அன்னார், 1995இல் காலமானார். இமாச்சலப் பிரதேசத்தின் அந்திரேட்டா கிராமத்தில் அவரது மகன் மன்சிம்ரன் சிங் அப்பணியைத் தொடர்ந்தார்.

ஒரு சீக்கியர், ஒரு முஸ்லிம் கைவினைஞரிடம் கற்றதையும் ஜப்பானில் கற்றதையும் இணைத்ததால் ஒரு கலை பிழைத்தது. புதுமை செய்பவர் மரபைக் கைவிடவேண்டும் என்பதில்லை. மரபைக் காப்பவரிடம் முதலில் பணிவுடன் கற்கவேண்டும் என்பதே அவரது வாழ்வு தரும் பாடம். நமது மண்ணிலும் சட்டி வனையும் கைகள் இன்னும் உள்ளன. அவற்றிடம் கற்க நமது பட்டதாரிகள் எப்போது அமரப் போகிறார்கள்?