நட்சத்திரங்களுக்கு வரம்பு கண்ட சந்திரசேகர்

1930-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார் ஒரு 19 வயது இளைஞர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, அரசாங்க உதவிப் பணத்துடன் கேம்பிரிட்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் பிறந்தது லாகூரில், 1910-ல். தந்தை சுப்பிரமணிய ஐயர் ரெயில்வே கணக்குத் தணிக்கை அதிகாரி. உத்தியோகம் குடும்பத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோயிருந்தது. சர் சி. வி. ராமன் இவருடைய சித்தப்பா.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் பாரத்தாலேயே சுருங்கும். சூரியன் போன்றது பூமியின் அளவுக்குச் சுருங்கி, 'வெள்ளைக் குள்ளன்' ஆகி நின்றுவிடும். எல்லா நட்சத்திரங்களுக்கும் இதுவே முடிவு என்று அன்று நம்பினார்கள். கப்பலில் கணக்குப் போட்ட சந்திரசேகருக்கோ வேறு விடை வந்தது. வெள்ளைக் குள்ளனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று பின்னர் கணக்கு சீராயிற்று. எரிந்து எஞ்சுவது அதற்கு மேல் இருந்தால் சுருக்கம் அங்கே நிற்காது.

1935 ஜனவரி 11-ந் தேதி லண்டன் ராயல் வானவியல் சங்கத்தில் இதை விளக்கினார். அவர் அமர்ந்ததும் உலகப் புகழ் பெற்ற எடிங்டன் எழுந்தார். அந்தக் கணக்கையே பரிகசித்தார். சபை சிரித்தது. சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிமையில் ஒப்புக்கொண்ட மேதைகளும் வெளியில் வாய் திறக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 24.

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. மனம் ஒடிந்து விலகவும் இல்லை. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் தம் முடிவுகளை ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஒரு துறையில் சில ஆண்டு உழைப்பு, முடிவில் ஒரு நூல், பிறகு அடுத்த துறை. எடிங்டனுடன் நட்பையும் அவர் முறிக்கவில்லை. 1944-ல் எடிங்டன் மறைந்தபோது அவரை மனமாரப் புகழ்ந்து பேசினார்.

1967-ல் துடிப்பு நட்சத்திரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. வரம்பு மீறிச் சுருங்கிய நட்சத்திரங்கள் உண்மையிலேயே உண்டு என்று உலகம் உணர்ந்தது. 60 வயதைத் தாண்டிய சந்திரசேகர் கருந்துளைகளின் கணிதத்தில் இறங்கினார். அந்த நூல் 1983-ல் வெளிவந்தது. அதே ஆண்டு, 73-வது வயதில், வில்லியம் ஃபவுலருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

1995 ஆகஸ்டு 21-ந் தேதி சிகாகோவில் காலமானார். 1999-ல் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே சூட்டினார்கள். வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களையும் கருந்துளைகளின் சுற்றுப்புறத்தையும் ஆராய்வது அதன் வேலை.