பொறியில் மனத்தைத் தேடிய மேதை

பொறி சிந்திக்குமா என்ற வினாவை இன்று பள்ளி மாணவரும் எழுப்புகின்றனர். அதனைக் கற்பனைக் கதைகளினின்றும் மீட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கிய பெருமை, ஆங்கிலக் கணித மேதை அலன் ரியூரிங்கிற்கே பெரிதும் உரியது.

1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அவர் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சேவை உத்தியோகத்தர். தாயார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலே பிறந்தவர். பெற்றோர் பெரும்பாலும் இந்தியாவில் வாழ்ந்தமையால், ரியூரிங்கும் தமையனாரும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர்.

ஷேர்போண் பள்ளியிலே கிறிஸ்ரோபர் மோர்கம் என்னும் மாணவரின் நட்பு அவருக்குக் கிட்டியது. விஞ்ஞானமும் கணிதமும் இருவரையும் பிணைத்தன. 1930 பெப்ரவரியில் மோர்கம் காசநோயால் மாண்டார். உடல் அழிந்தபின் அத்துணைக் கூரிய உள்ளம் என்னவாயிற்று? நண்பரின் அன்னையாரோடு கடிதத் தொடர்பு கொண்ட ரியூரிங், மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பற்றி அந்நாளிலேயே ஆழ்ந்து சிந்திக்கலானார்.

1936இல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். மனிதனொருவன் விதிப்படி கணக்கிடுகையில் உண்மையிற் செய்வது என்ன? ஒரு குறியைப் படிக்கின்றான். அதனை அழித்து வேறொன்றை எழுதுகின்றான். அடுத்த கட்டத்துக்கு நகர்கின்றான். இச்சிறு செயல்களை மட்டுமே செய்யும் பொறியொன்றை ரியூரிங் மனத்திற் கற்பித்தார். தக்க விதிகளைக் கொடுத்தால் ஒரே பொறி, மற்றெந்தப் பொறியின் கணிப்பையும் செய்யும் எனக் காட்டினார். எப்பொறியாலும் தீர்க்கவொண்ணாத வினாக்கள் உண்டென்பதையும் அக்கட்டுரையே நிறுவியது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போலந்து அறிஞர் முன்னர் கண்ட வழியைத் தொடர்ந்து, ஜேர்மனியரின் ‘எனிக்மா’ மறைமொழியை உடைக்கும் பொறியை வகுப்பதில் முன்னின்றார். அப்பணி பல்லாண்டுகள் இரகசியமாகவே காக்கப்பட்டது.

மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய காலத்தில், 1950இல், தம் முதன்மையான வினாவை உலகின்முன் வைத்தார். சிந்தனைக்கு இலக்கணம் வகுக்கப் புகின் சொற்போரே மிஞ்சும் எனக் கண்டு, சோதனையொன்றை வகுத்தார். மறைந்திருக்கும் மனிதர் ஒருவரிடமும் பொறியொன்றிடமும் நடுவர் எழுத்து மூலம் வினவுகின்றார். எது பொறியென அவரால் தெளிய இயலாதாயின், அது சிந்திக்கவில்லை என எவ்வாறு மறுப்பது? பிறர்க்கு மனம் உண்டென நாம் கொள்வதும் அவர்தம் சொல்லையும் செயலையும் கண்டேயன்றோ?

தான் இயற்றிய கவிதையின் உவகையைத் தானே உணராத பொறி மூளைக்கு நிகராகாது என்று, மூளைச் சத்திரவைத்திய நிபுணர் ஜெபர்சன் 1949இலேயே வாதித்திருந்தார். உணர்வு ஒரு புதிர் என்பதை ரியூரிங் மறுக்கவில்லை. அப்புதிர் தீருமுன்னரே தம் வினாவை ஆராயலாம் என்றே கருதினார். முதிர்ந்த மனத்தைப் படைக்க முயல்வதிலும், குழந்தையின் மனத்தை ஒத்த பொறியை அமைத்து அதற்குக் கல்வி புகட்டுதல் நன்று என்ற அவர் கருத்து ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1952இல், ஆடவரொருவருடன் கொண்ட உறவுக்காக, அந்நாளைய ஆங்கிலச் சட்டம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்கு மாற்றாக இயக்குநீர்ச் சிகிச்சைக்கு அவர் உட்பட நேர்ந்தது. 1954 ஜூன் 7ஆம் நாள் சயனைட்டு நஞ்சினால், நாற்பத்தொரு வயதில் மறைந்தார். தற்கொலையென மரண விசாரணை முடிவு கூறிற்று. தாயாரோ அதனை ஏற்கவில்லை. பிரித்தானிய அரசு 2009இல் வருத்தம் தெரிவித்தது; 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. முகம் காணாமலே, சொல்லைக் கொண்டு மதிப்பிடுக எனப் பொறிக்காக வாதிட்டவருக்கு, அவர்தம் அறிவையும் தொண்டையும் கொண்டு மதிப்பிடும் நீதி வாழுங்காலத்திற் கிட்டவில்லை.

எழுத்துரையாடலிற் பலரை மயங்கவைக்கும் பொறிகள் இன்று வந்துவிட்டன. சொல்லளவில் மனத்தை ஒத்திருத்தல் கூடும் என்பதை அவை காட்டுகின்றன. அச்சொல்லுக்குப் பின்னே உணரும் உள்ளம் ஒன்று உண்டோ என்பது வேறு வினா. நண்பனை இழந்த இளைஞர் உள்ளத்தைப் பற்றி அன்று எழுப்பிய ஐயத்தைப் போலவே, அதுவும் இன்னும் தீராதிருக்கின்றது.