சாவு பயத்தில் தரையில் படுத்த மதுரை மாணவன்... வேங்கடராமன் ரமணர் ஆனது எப்படி?

1896-ம் வருஷம். வியன்னாவில் 40 வயதை நெருங்கிக்கொண்டிருந்த டாக்டர் சிக்மண்ட் ஃபிராய்டு, தன் கட்டுரையில் 'சைக்கோ அனாலிசிஸ்' என்ற வார்த்தையை முதல்முறையாகப் பயன்படுத்துகிறார். அதே வருஷம் ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் 16 வயசுப் பையன் ஒருவன், தான் இப்பவே சாகப்போகிறோம் என்று நடுங்கிப்போகிறான். காய்ச்சல்கூட இல்லை, நல்ல திடகாத்திரமான உடம்பு.

அந்தப் பையன் பெயர் வேங்கடராமன். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது இவரைத்தான்.

1879 டிசம்பர் 30-ல் இவர் பிறந்த திருச்சுழி, இப்போ விருதுநகர் மாவட்டம். 1985-ல் பிரிக்கப்படும் வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். தங்கச்சிமடத்தில் மதுரை பஸ் ஏறினால் வழியில் வருமே மானாமதுரை, அங்கே வக்கீல் தொழில் பார்த்தவர் இவரோட இன்னொரு சித்தப்பா நெல்லையப்ப ஐயர். ஆக, நம்ம பக்கத்து ஆள்தான்.

மாடி அறையில் என்ன நடந்தது?

12 வயசில் அப்பா இறந்ததைப் பார்த்தவர். இப்போ பயம் வந்ததும் டாக்டரைத் தேடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி கை, காலை விறைப்பாக நீட்டிப் படுத்தார். மூச்சை அடக்கினார். உடம்பு செத்தால் நானும் சாகிறேனா என்று தனக்குள்ளேயே பார்த்தார். உடம்பைத் தாண்டி 'நான்' என்ற உணர்வு அப்படியே இருப்பதைக் கண்டதும் பயம் போய்விட்டது. சில நிமிஷ விஷயம், ஆனா அதுக்கப்புறம் படிப்பு, விளையாட்டு எதுவும் ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 29 அன்று, அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, கடிதம் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் கடிதம் 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்தடுத்த வரிகளில் தன்னையே 'இது' என்று ஒரு பொருளைப்போல எழுதுகிறார். முடிவில் கையெழுத்தே இல்லை! செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகியும் அசையாமல் கிடந்தவரை மற்றவர்கள்தான் தூக்கி வந்தார்கள்.

சாகசக் கதை மாதிரி இதைச் சொல்பவர்கள் அழகம்மாளை மறந்துவிடுகிறார்கள். மகன் எங்கே என்று தெரியாமல் தவித்த அம்மா. 1898-ல் தேடிக் கண்டுபிடித்து வந்து, நாள்கணக்கில் அழுது கூப்பிட்டார். மௌனமாக இருந்த மகன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இதுதான்: அவரவர் வினைப்படியே நடக்கும், தடுத்தாலும் நிற்காது. அம்மா வெறுங்கையோடு ஊர் திரும்பினார். ஞானம் என்றாலும், அந்த இடத்தில் மனசு அம்மா பக்கம்தான் போகுது.

யுங் ஏன் பார்க்கவில்லை?

1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' நூல். இப்போ ரீல்ஸ் கேப்ஷனாகச் சுற்றும் அந்தக் கேள்விக்கு ஒரு வேலை இருக்கு. ஒரு கவலை வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று சின்ன வயசு நினைவுகளையும் கனவுகளையும் தோண்டுவது ஃபிராய்டு வழி. கவலை யாருக்கு வந்தது, அந்த 'நான்' எங்கிருந்து கிளம்புது என்று திரும்பிப் பார்க்கச் சொல்வது ரமணர் வழி.

ஃபிராய்டிடமிருந்து பிரிந்த சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங், 1937 கடைசியில் இந்தியா வந்தார். சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. பின்னர் 1944-ல் வெளியான, ரமணரைப் பற்றிய ஜெர்மன் நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே! 'நான்' முழுசாகக் கரைந்துவிட்டால், அனுபவத்தை அறிய யார் மிச்சம் இருப்பார் என்பது யுங்கின் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். நேரில் போய்க் கேட்டிருக்கலாம்.

அழகம்மாள் 1916-ல் மகனிடமே வந்து சேர்ந்தார், மலையில் எல்லோருக்கும் சமைத்தார். 1922 மே 19-ல் அவர் உயிர் பிரிந்தபோது, மகன் அவரது நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அம்மாவைப் புதைத்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது.

இடது கையில் வந்த புற்றுநோய்க் கட்டிக்கு நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கையை எடுக்க மட்டும் ரமணர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14, இரவு 8.47-க்கு மறைந்தார். அவரது சமாதி, அம்மாவின் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.