தவறாக வாசிக்கப்பட்ட ஒளிப்படம்
ஐசாக் ரொபர்ட்ஸ் எனக்குப் பிடித்துப்போனதற்கு அவருடைய தவறும் ஒரு காரணம். 1829இல் வேல்ஸில் பிறந்து, லிவர்பூலில் கட்டட ஒப்பந்தக்காரராகப் பணம் சேர்த்தவர். வானியல் அவருக்குத் தொழிலல்ல. 1888 டிசம்பரில் 20 அங்குலத் தொலைநோக்கியை அந்திரொமெடா நெபியூலாவுக்குத் திருப்பி, கண்ணாடித் தட்டில் மணிக்கணக்காக ஒளியைச் சேர்த்தார். கண்ணுக்கு வெறும் புகைபோலத் தெரிந்தது படத்தில் சுருள் சுருளாக விரிந்தது. உருவாகிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுத் தொகுதி அது என்று நம்பினார். தனியொரு கலக்ஸி என ஹபிள் காட்டியபோது அவர் இறந்து இருபது வருடமாகியிருந்தது.

மங்கலான நெபியூலா இருப்பதாக ஹேர்ஷல் குறித்த 52 இடங்களையும் படமெடுத்தார். பெரும்பாலானவற்றில் எதுவும் பதியவில்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டார். அந்தப் படங்களை 1929இல் நூலாக்கியவர் மனைவி டொரத்தியா. அவரும் வானியலாளர்தான்.