கியரை ஓய்வெடுக்க வைத்த கொல்லர் மகன்



அமெரிக்காவில் பிறந்தவர், ஆனால் அமெரிக்கர் இல்லை! இது என்ன விடுகதை என்கிறீர்களா? நெதர்லாந்து நாட்டின் லிம்பர்க் மாகாணத்தில் 'அமெரிக்கா' என்றே ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. அங்கே 1900 ஜனவரி 1 அன்று, ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர்தான் ஹப் வான் டோர்ன். சி.வி.டி. என்று நாம் படிக்கிறோமே, படி இல்லாமல் வேக விகிதம் மாறும் அமைப்பு, அதைச் சாதாரணக் குடும்பக் காருக்குள் கொண்டு வந்து ஓட்டிக் காட்டியவர் இவர்.

கல்லூரிப் பட்டம் வாங்கியவரல்ல. அப்பாவின் பட்டறைதான் முதல் பாடசாலை. வளர்ந்த பிறகு, இவர் ரிப்பேர் செய்து கொடுத்த கார் ஒன்றின் சொந்தக்காரர், இவருடைய கைவேலையைப் பார்த்து அசந்து போனார். அவர் ஒரு பீர் ஆலையின் நிர்வாகி. அவர் கொடுத்த பணத்தில் 1928-ல் ஐந்தோவன் நகரில் ஒரு சிறு ஒர்க்ஷாப் தொடங்கியது. தம்பி விம்மும் கூட வந்து சேர்ந்தார். 1932-ல் டிரெய்லர், 1949-ல் லாரி என்று வளர்ந்த அந்த ஒர்க்ஷாப்தான் டாஃப் நிறுவனம்.

லாரியோடு நின்றிருந்தால் நாம் அவரை நினைக்கப் போவதில்லை. 1958 பிப்ரவரியில், ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் 'டாஃப் 600' வந்தது. இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் 590 சி.சி. எஞ்சின். கிளட்ச் பெடல் கிடையாது, கியர் மாற்றுவது கிடையாது. ஆக்ஸிலரேட்டர், பிரேக், அவ்வளவுதான்!

எப்படி வேலை செய்தது? ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள். நடுவில் 'வி' வடிவ ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகம் கூடும்போது சுழலும் எடைகள் வெளியே தள்ளி, முன் புல்லியின் தட்டுகளை நெருக்கும், பெல்ட் மேலேறும். பின் புல்லியில் ஸ்பிரிங்கை மீறித் தட்டுகள் விலகும், பெல்ட் கீழிறங்கும். விகிதம் வழுக்கிக் கொண்டே மாறிவிடும். நம்ம ஊர் கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி பெல்ட் இருந்ததால், இந்தக் காருக்கு டிஃபரன்ஷியலே தேவைப்படவில்லை. இன்னொரு வேடிக்கை: முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் போகும்!

ஆனால் ஊர் சிரித்தது. வயசானவங்க ஓட்டுற வண்டி என்று பெயர் விழுந்தது. 1968-ல் டாஃப் 55 ஒன்று லண்டன்–சிட்னி ராலியை ஓடி முடித்தும் அந்தப் பெயர் போகவில்லை. கேலியை விடுங்கள், உண்மையான சிக்கல் ஒன்று இருந்தது. ரப்பர் தேயும், பெரிய எஞ்சினின் சக்தியைத் தாங்காது, இடத்தையும் அடைக்கும்.

ஹப் 1965-லேயே நிர்வாகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கார் பிரிவு 1975-ல் வால்வோ கைக்குப் போனது. வேறொருவர் என்றால் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இவரோ 1972-ல், தமது 72-ஆம் வயதில், பெல்ட்டுக்காகவே ஒரு புதுக் கம்பெனியைத் தொடங்கினார்!

இந்த முறை ரப்பரைத் தூக்கிப் போட்டார். மெல்லிய எஃகு வளையங்களில் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்து ஒரு பெல்ட். அது இழுக்காது, தள்ளும்! கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? முடியும் என்றது இந்த பெல்ட். நெருங்கி நிற்கும் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிச் சக்தியைக் கடத்துகின்றன. வளையங்கள் அவற்றை வரிசை கலையாமல் பிடித்துக் கொள்கின்றன. எண்ணெயில் ஓடுவதால் தேய்மானமும் குறைவு. சின்ன இடத்தில் அடங்கிவிடும்.

பலனைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1979-ல் காலமானார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1987-ல், சுபாரு ஜஸ்டி, ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபியட் யூனோ என்று சின்னக் கார்கள் அந்த எஃகு பெல்ட்டோடு சாலைக்கு வந்தன. 1995-ல் அந்தக் கம்பெனியை பாஷ் நிறுவனம் வாங்கியது. பின்னர் கோடிக்கணக்கான கார்களுக்குள் அந்த பெல்ட் போனது.

நண்பர்களே, நாம் செய்யும் மாடலைப் பார்த்தும் நாலு பேர் சிரிக்கலாம். சிரிப்பவர்களோடு சண்டை போட நேரம் செலவழிக்காமல், எந்தப் பகுதி தேய்கிறது என்று பார்ப்போம். ஹப் வான் டோர்ன் 72 வயதில் செய்தது அதைத்தான். நமக்கு இன்னும் இருபதுகூட ஆகவில்லையே!