படைநடைக்குப் பண் தந்தவர்

படைக்கலன்கள் மட்டுமே ஒரு படையின் வலிமை ஆவதில்லை. பல மொழி பேசுவோரையும் பல சமயத்தாரையும் ஒரே அணியாக நடக்கச் செய்யும் ஆற்றல் இசைக்கு உண்டு. இந்திய தேசிய இராணுவத்தில் அவ்வாற்றலை வெளிப்படுத்தியவர் கேப்டன் இராம்சிங் தாக்கூரி.

இமயமலைச் சாரலில் தரம்சாலாவுக்கு அருகிலுள்ள கன்யாரா என்னும் சிற்றூரில், 1914 ஆகஸ்டு 15 அன்று கூர்க்கா குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையும் படைவீரரே. இளம் பருவத்திலேயே முதலாம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்த இராம்சிங், அதன் இசைக்குழுவில் பித்தளை ஊதுகருவிகளையும் வயலினையும் கற்றுத் தேர்ந்தார்.

இரண்டாம் உலகப்போர் அவரை மலேயாவுக்கு இட்டுச் சென்றது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பல்லாயிரம் இந்திய வீரர்கள் சப்பானியரிடம் போர்க்கைதிகள் ஆயினர். அவர்களுள் இராம்சிங்கும் ஒருவர். நாட்டு விடுதலைக்காக அமைந்த இந்திய தேசிய இராணுவத்தில் அவர் இணைந்தார். 1943 சூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தபோது, இராம்சிங்கின் இசைப்புலமை அவரைக் கவர்ந்தது. நேதாஜி வழங்கிய வயலினை இராம்சிங் தம் வாழ்நாள் முழுவதும் போற்றிக் காத்தார்.

அப்படையில் பஞ்சாபியரும் கூர்க்கரும் இருந்தனர்; மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரும் பெருந்திரளாகச் சேர்ந்தனர். துப்பாக்கியையே முன்பு தொட்டறியாத தொழிலாளரும், பயிற்சி பெற்ற படைவீரரும் ஒரே தாளத்தில் அடிவைக்க வேண்டியிருந்தது. படைநடைப் பாடல் இடக்கால், வலக்கால் என மாறிவரும் இரட்டைத் தாளத்தில் அமைதல் வேண்டும். நடக்கும்போதே மூச்சு முட்டாமல் பாடுதற்கு ஏற்றதாகவும், இசைப்பயிற்சி இல்லாதவரும் ஒருமுறை கேட்டதும் பற்றிக்கொள்ளத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வியல்புகள் அனைத்தும் பொருந்த இராம்சிங் இசையமைத்த பாடலே ‘கதம் கதம் படாயே ஜா’. இந்தி அறியாத தமிழ் வீரரும் அம்மெட்டில் ஒன்றிப் பாடினர்.

தற்காலிக இந்திய அரசுக்கு நாட்டுப்பண் ஒன்று தேவைப்பட்டது. இரவீந்திரநாத் தாகூரின் ‘ஜன கண மன’ பாடலைத் தழுவி, எளிய இந்துஸ்தானியில் ஆபித் ஹசனும் மும்தாஜ் உசேனும் ‘சுப் சுக் செயின்’ என்னும் பாடலை இயற்றினர். தாகூரின் மெட்டை அடியொற்றி, படை இசைக்குழு மிடுக்குடன் முழங்கும் வகையில் அதனை இராம்சிங் வடிவமைத்தார்.

1944இல் இம்பால் போரில் அப்படை பின்னடைந்தது. மறு ஆண்டு இரங்கூன் வீழவே, இராம்சிங் சிறைப்பட்டுத் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீதான விசாரணை செங்கோட்டையில் நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் காலம் மாறியது. 1947 ஆகஸ்டில் அதே செங்கோட்டையில் விடுதலை பெற்ற நாட்டின் கொடி ஏறியபோது, இராம்சிங்கின் குழுவினர் இசை முழக்கினர்.

ஆயினும், இந்திய தேசிய இராணுவத்தினர் மீண்டும் இந்தியப் படையில் சேர்க்கப்படவில்லை. கேப்டன் பதவி வகித்த இராம்சிங்குக்கும் படையின் கதவு திறக்கவில்லை. அதற்காக அவர் இசையைக் கைவிடவில்லை. 1948இல் உத்தரப்பிரதேச ஆயுதக் காவற்படையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, இலக்னோவில் அதன் இசைக்குழுவை உருவாக்கினார். இளங்காவலர் பலருக்குக் கருவியிசை பயிற்றுவித்து, 1974இல் பணி ஓய்வு பெற்றார். 2002 ஏப்ரல் 15 அன்று, தமது 87ஆம் அகவையில் இலக்னோவில் மறைந்தார்.

அவர் சேர்ந்த படை கலைந்துவிட்டது; அவர் தந்த மெட்டோ கலையவில்லை. ஒருகாலத்தில் ஆங்கில அரசு தடைசெய்த ‘கதம் கதம்’, இன்று இந்தியப் படையின் அணிவகுப்புகளில் ஒலிக்கிறது. அவரை ஏற்காத படை, அவரது இசையை ஏற்று நடக்கிறது. அம்மெட்டைக் கேட்போர், அதனை அளித்தவரின் பெயரையும் அறிந்திருப்பதே அவருக்குச் செய்யும் நன்றிக்கடன் ஆகும்.